காலைத் தூக்கிய வெண்கல நாய்

நேயர்களுக்கு வணக்கம். பிரஸ்ஸல்ஸ் நகருக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலையை. 1619-இல் நகர நிர்வாகம் செய்யச் சொன்ன வெண்கலச் சிலை அது. 1987-இல் அவனுக்குத் துணையாக ஒரு சிறுமியும் வந்து சேர்ந்தாள். இவர்கள் இருவரையும் விட எனக்கு நெருக்கம் மூன்றாவதாக வந்த நாய்தான். டாம் ஃப்ரான்ட்சன் என்ற சிற்பி 1998-இல் வைத்தது. ஷார்த்ரோ தெருவின் முனையில், நடைபாதையோரக் குறுந்தூணை நோக்கி ஒரு பின்னங்காலைத் தூக்கியபடி நிற்கிறது. பெயர் ஸின்னகே, தெருவில் திரியும் கலப்பின நாயை அவ்வூரார் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சிறுவனுக்கும் சிறுமிக்கும் தண்ணீர் உண்டு, நாய்க்கு இல்லை. அது நீரூற்றே அல்ல. ஆனாலும் அதைக் கடப்பவர் கண் தானாகவே தூணடிக்குப் போய், ஈரம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாத தண்ணீரை நம் மனமே ஊற்றிக்கொள்கிறது. எத்தனை அழகான குறும்பு!

இந்த நாயை வைத்து நான் ஒரு ஓவிய வரிசையே வரைந்திருக்கிறேன். வெண்கலத்தைப் பழுப்பு என்று நினைத்துத் தூரிகையைத் தொட்டால் படம் செத்துவிடும். முதுகில் வானத்தின் சாம்பல் நீலம் விழும். வயிற்றுக்கடியில் நடைபாதைக் கல்லின் வெளிச்சம் மேலேறி வரும். மழை பெய்து ஓய்ந்த நேரமென்றால் இன்னும் கொண்டாட்டம். மற்ற மூன்று கால்களும் எடையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது கோட்டில் பிடிபட்டுவிட்டால் சிரிப்பும் தானே வந்துவிடும். நகைச்சுவைக்காக எதையும் மிகைப்படுத்தத் தேவையில்லை.

பீடம் இல்லாதது இச்சிலையின் பெரிய பலம் என்பேன். நம்மோடு சமமாகத் தரையில் நிற்கிறது. அதனால் ஆபத்தும் உண்டு: 2015-இல் ஒரு கார் மோதிச் சேதமானது. பிறகு சீர்செய்து அதே முனையில் நிறுத்தினார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி.

வரைய வரைய, என் படங்களில் நாய் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. இப்போது நடுவில் இருப்பவர்கள் வழிப்போக்கர்கள். அவசரமாக நடக்கும் ஒருவர் நாயைக் கவனித்து, தூணைக் கவனித்து, பிறகு உதட்டோரம் மெல்ல இளகுவார். அந்த இளக்கத்தை நீர்வண்ணத்தில் பிடிப்பதுதான் இப்போது என் வேலை.