போர்வை விலகும் அளவு

நேயர்களுக்கு வணக்கம். "படுத்துக்கோங்கம்மா, டாக்டர் வந்து பார்ப்பார்" என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். எப்படிப் படுப்பது, எதை மூடுவது, எதைத் திறப்பது என்பதை விளக்க அங்கே யாருக்கும் நேரம் இருப்பதில்லை. பெங்களூரில் நர்சிங் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும், வயதான பெற்றோரை ஓ.பி.க்கு அழைத்துப்போகிறவர்களுக்கும் அதைச் சொல்லவே வந்திருக்கிறேன். போர்வை மானத்துக்காக மட்டும் போடுவதல்ல. அது சரியாக இல்லாவிட்டால் பரிசோதனையே தப்பாகப் போகும்.

வயிற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கூச்சத்தாலோ குளிராலோ வயிற்றுத் தசை இறுகிவிட்டால், அது உள்ளே இருக்கும் நோயால் வந்த விறைப்பா, வெறும் பயமா என்று பிரித்தறிவது கடினம். அதனால் முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நிரம்பிய மூத்திரப்பை அடிவயிற்றில் கட்டி மாதிரியே கைக்குத் தட்டுப்படும். பிறகு மல்லாந்து படுக்க வைத்து, தலைக்கு ஒரு தலையணை, முழங்காலுக்கு அடியில் ஒன்று வையுங்கள். கைகள் உடம்போடு ஒட்டி இருக்கட்டும். பலர் கையைத் தூக்கித் தலைக்குக் கீழே வைத்துக்கொள்வார்கள். அப்போது வயிறு இழுபட்டு விறைத்துவிடும்.

புடவை கட்டியவர்களுக்கு வரிசை முக்கியம். மார்பிலிருந்து பாதம் வரை பெட்ஷீட்டைப் போட்ட பிறகுதான், அதற்கு அடியில் கொசுவத்தையும் பாவாடை நாடாவையும் தளர்த்த வேண்டும். துணியை இறக்கிவிட்டுப் போர்வை தேடி ஓடுவது கூடவே கூடாது. பெட்ஷீட் இரண்டு இருந்தால் நல்லது: ஒன்று மார்புக்கு, ஒன்று இடுப்புக்குக் கீழே. நடுவில் வயிறு மட்டும் தெரியும்.

இந்த ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கல்லீரலைத் தொட்டுப் பார்க்கும்போது மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். கன்னடத்தில் "உசிரு பிடி" என்றால் மூச்சை விடுங்கள் என்று பொருள். ஊரிலிருந்து புதிதாக வந்த பாட்டியின் காதில் அது "பிடி" என்றே விழும்; மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பார். பக்கத்தில் இருப்பவர் தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெண்களுக்கான உள்பரிசோதனையில் போர்வையைப் பட்டம் போலக் குறுக்காகப் போடுவார்கள். ஒரு முனை மார்பின் மேல். பக்கத்து முனைகள் இரண்டும் இரு பாதங்களையும் சுற்றிச் செருகப்படும். நான்காவது முனை கால்களுக்கு நடுவே தொங்கும். டாக்டர் கையுறை போட்டுத் தயாரான பிறகு அந்த ஒரு முனையை மட்டும் மேலே மடித்தால் போதும். கால்தாங்கிகளில் வைக்கும்போது இரண்டு கால்களையும் ஒன்றாகத் தூக்கி, ஒன்றாகவே மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொன்றாகத் தூக்கினால் இடுப்பும் முதுகும் முறுக்கிக்கொள்ளும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. கால்தாங்கியின் கம்பி அந்த இடத்தை வெகுநேரம் அழுத்தினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகும். அங்கே துணியை மடித்து வையுங்கள்.

20 வாரம் தாண்டிய கர்ப்பிணியை நெடுநேரம் மல்லாத்தாதீர்கள். கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்துவதால் தலைசுற்றும், வியர்க்கும். வலது இடுப்புக்கு அடியில் மடித்த போர்வை வைத்து இடப்பக்கம் சற்றே சாய்த்துவிடுங்கள். மூச்சுத் திணறுகிறவரையும் மட்டமாகப் படுக்க வைக்காதீர்கள். தலைப்பக்கத்தை 45 டிகிரி அளவுக்கு உயர்த்துங்கள்.

ஆண் மருத்துவர் ஒரு பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். 2018-இல் தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இது இருக்கிறது. "நர்ஸ் வரட்டும் டாக்டர்" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

பார்த்து முடிந்ததும் விருட்டென்று எழுப்பிவிடாதீர்கள். வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, ஸ்டூலில் கால் வைக்கும்போதே விழுந்துவிடுவார்கள். பக்கவாட்டில் திருப்பி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டபடி ஓரிரு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். நாடாவை முடிந்து, முந்தானையைச் சரிசெய்து, அவரே "ம்" என்ற பிறகு பெட்ஷீட்டை எடுங்கள்.