நட்ட பயிர் துருப் பிடித்த மாதிரி நிற்கிறதே, என்ன செய்ய?

சரி, அடுத்த கேள்விக்கு வருகிறேன். ஒரு அண்ணன் கேட்கிறார்: நெல் நட்டு 20 நாள், தூர் கட்டவில்லை, இலையெல்லாம் துருப் புள்ளி, நோய் மருந்தும் அடித்தாயிற்று யூரியாவும் போட்டாயிற்று, ஒன்றும் கேட்கவில்லை; நுண்ணூட்டம் (துத்தநாகம் மாதிரி பயிருக்குக் கொஞ்சமாக வேண்டிய சத்து) போட்டால் வறட்சியையும் தாங்கும் என்கிறார்களே, உண்மையா?

முதலில் வயலில் இறங்கி ஒரு குத்தைப் பிடுங்கிப் பாருங்கள் அண்ணா. இளம் இலையின் அடிப்பக்கம் நடுநரம்பு வெளுத்து, கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளி, அதுவும் வயல் முழுக்க இல்லாமல் திட்டுத் திட்டாக, தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் அதிகமாக இருந்தால் பெரும்பாலும் துத்தநாகக் குறைதான், அதாவது ஜிங்க் சத்துப் பற்றாக்குறை. வடக்கே இதற்கு கைரா நோய் என்று பெயர். பெயரில்தான் நோய், உண்மையில் நோயில்லை. 1966-ல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நேனே என்ற விஞ்ஞானி இது துத்தநாகக் குறை என்று காட்டினார், அதனால் பூஞ்சாண மருந்துக்குக் கேட்காது.

பயிருக்கு வேண்டியது கொஞ்சம்தான், ஒரு டன் காய்ந்த இலைக்கு 20 கிராம் துத்தநாகம். ஆனால் அது குறைந்தால் வளர்ச்சிக்கான ஆக்சின் சுரப்பு குறைந்து பயிர் குட்டையாகிவிடும். அப்புறம், வெயிலோ உப்போ வறட்சியோ வந்தால் செல்லுக்குள் ஆக்சிஜன் வேறு வடிவமெடுத்து சவ்வை அரிக்க ஆரம்பிக்கும், அதை அடக்குகிற நொதிகளில் ஒன்றுக்குத் தாமிரமும் துத்தநாகமும் வேண்டும். வறட்சியைத் தாங்கும் என்று சொல்வது இதைத்தான். அதற்காகத் தண்ணீருக்குப் பதில் நுண்ணூட்டப் பாக்கெட் வாங்காதீர்கள், குறை இருந்த பயிர்தான் தேறும், குறையே இல்லாத பயிருக்குப் போட்டால் காசுதான் போகும்.

இப்போது செய்ய வேண்டியது, முடிந்தால் தண்ணீரை வடித்து இரண்டு மூன்று நாள் காய விடுங்கள், தேங்கிய சேற்றில் துத்தநாகம் வேருக்குக் கிடைக்காது. 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்து சாயங்காலமாகத் தெளியுங்கள், 10 நாள் கழித்து இன்னொரு முறை. அடுத்த போகத்தில் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து, பரம்படித்த பிறகு நடவுக்கு முன்னால் மேலாகத் தூவுங்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) உள்ள டிஏபி உரத்தோடு கலந்துவிடாதீர்கள், மணிச்சத்தும் துத்தநாகமும் சேர்ந்தால் இரண்டும் கரையாமல் பயிருக்குக் கிடைக்காமல் போகும், நிறைய பேர் ஒரே வேலையாக முடியட்டும் என்று இரண்டையும் ஒரே கூடையில் கொட்டிக் கலக்கிறார்கள்.

தென்னைக்குப் போரான் கேட்டவருக்கு அடுத்த வீடியோவில் சொல்கிறேன், அது கொஞ்சம் கூடினாலே நஞ்சு, அவசரப்பட்டு அள்ளிப் போட்டுவிடாதீர்கள்.