விரல் குத்த மறுப்பவரோடு குடித்தனம்

அனைவருக்கும் வணக்கம்.

சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டர் பீரோவுக்குள் கிடக்கிறது. "போன வாரம்தானே பார்த்தேன்" என்கிறார் வீட்டுக்காரர். மெமரி பொத்தானை அழுத்தினால், கடைசியாகப் பார்த்தது பொங்கலுக்கு முன்பு. பல வீடுகளில் இந்த இடத்தில்தான் சண்டை பிடிக்கும். கணவரை வைத்துச் சொல்கிறேன். சுகர் மனைவிக்கு என்றால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் பார்ப்பதில்லை என்று கேட்டால் வலி என்பார். அது பாதிக் காரணம். மீட்டரில் 220 வந்ததும், "நேத்து கல்யாணத்துல எத்தனை ஜாங்கிரி?" என்று விசாரணை ஆரம்பமாகிறதே, அது மீதிப் பாதி. குத்தினால் விரலிலும் வலி, காதிலும் வலி. குத்தாவிட்டால் இரண்டும் இல்லை. யார்தான் குத்துவார்?

அதனால் எண் கூடுதலாக வந்தால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "ஏங்க, கை கழுவினீங்களா?" சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. மாம்பழமோ வாழைப்பழமோ தொட்ட விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையே அளவை ஏற்றிக் காட்டிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் இன்னொன்றை எடுத்துப் பாருங்கள். ஈரக் கையும் கூடாது, ரத்தம் நீர்த்துவிடும்.

வலிக்கு வழி இருக்கிறது. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்த வேண்டும். நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் என்று மாற்றி மாற்றி. குத்தும் பேனாவில் ஆழத்துக்கு எண்கள் இருக்கும். சின்ன எண்ணில் தொடங்கி, ரத்தம் வராவிட்டால் மட்டும் ஏற்றுங்கள். ஒரே ஊசியை மாதக்கணக்கில் ஓட்டுவது நம் வீட்டுச் சிக்கனம். முனை மழுங்கிய ஊசிதான் அதிகம் வலிக்கும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் ரத்தம் தானாக வரும். நுனியைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு பிசகும்.

"நானும் கூடவே குத்திக்கறேன்" என்று சிலர் துணைக்கு உட்காருகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஊசி மட்டுமல்ல, பேனாவும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று அந்த வழியில் பரவும்.

தினமும் குத்த வேண்டுமா? மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்து, அளவு சீராக இருப்பவருக்குப் பெரும்பாலும் வேண்டாம். கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம். டாக்டர் சொன்ன கணக்கில் பார்த்தே ஆக வேண்டும்.

தயங்குபவரிடம் மாதம் முழுவதையும் கேட்காதீர்கள். ஒரே ஒரு சாப்பாட்டைக் கேளுங்கள். காலை 8 மணிக்கு முதல் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும் முன் ஒன்று, 10 மணிக்கு ஒன்று. இரண்டு மணி நேரம் என்பது சாப்பிடத் தொடங்கியதிலிருந்து. சாப்பிட்டுக் கை கழுவியதிலிருந்து அல்ல. 126 இருந்தது 231 ஆனால், ஐந்து இட்லி 105 ஏற்றியிருக்கிறது. இன்னொரு நாள் மூன்று இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும் வைத்துப் பாருங்கள். இப்போது கூண்டில் நிற்பது இட்லி, உங்கள் கணவர் இல்லை.

பலருக்கும் பொதுவான இலக்கு: வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 180-க்குள். வயதானவருக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்துவார். மீட்டரிலேயே 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். எனவே 140-க்கும் 150-க்கும் பஞ்சாயத்து வேண்டாம்.

லேபுக்குப் போகும் முன் இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருப்பவரை எல்லோருக்கும் தெரியும். ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் அந்த வித்தை பலிக்காது, மூன்று மாதச் சராசரி அதில் தெரிந்துவிடும். ரத்தசோகை இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த எண்ணும் பிசகக்கூடும்.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் தடுமாற்றம் எல்லாம் சர்க்கரை இறங்கியதற்கு அறிகுறியாக இருக்கலாம். அப்போது வாதாடாமல் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள். மீட்டர் கைக்கு எட்டவில்லையா, தேடிக்கொண்டிருக்காமல் முதலில் கொடுத்துவிடுங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் எடுப்பவருக்குச் சர்க்கரையும் வெல்லமும் உடனே வேலை செய்யாது, அந்த மாத்திரை அதன் செரிமானத்தையே தடுக்கிறது, குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று சாப்பாட்டு மேசையில், இன்னொன்று அவர் வண்டியில். மீட்டரும் பீரோவைவிட்டு அந்த மேசைக்கே வரட்டும். ஸ்ட்ரிப் டப்பாவை மட்டும் அடுப்புப் பக்கமோ ஃப்ரிட்ஜிலோ வைக்காதீர்கள். ஒன்றை எடுத்ததும் மூடியை இறுக்கி மூடிவிடுங்கள்.