முதலில் தண்ணீரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கரையில் நின்று கடலில் தூண்டில் போடுவதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். படகு கிடையாது, வலை கிடையாது, பிழைப்புக்காகவும் அல்ல. லீவு நாளில் ஒரு கம்பும் தூண்டில் நரம்பும் கொஞ்சம் இரையுமாகப் போய் நிற்கிறோமே, அதைப் பற்றி. நான் பாளையங்கோட்டைக்காரன். வீட்டிலிருந்து கடல் ஒன்றரை மணி நேரம். இருபது வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

முதல் தடவை போனது பெரியதாழைக்கு. தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்குக் கோடியில், நீண்ட மணல் கரை உள்ள ஊர். புது ராடு, புது ரீல். விடிவதற்கு முன்னாலேயே போய், கை வலிக்கிற அளவுக்குத் தூரத் தூர வீசினேன். இரண்டு மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் படகு நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, வந்ததுலேர்ந்து கம்பையே பாத்துட்டு நிக்கியளே, தண்ணியப் பாத்தியளா?”

“பாத்துட்டுத்தான் அண்ணாச்சி நிக்கேன்” என்றேன்.

“இல்ல. அந்தா ஒரு இடத்துல மட்டும் வெள்ளை இல்லாம கிடக்குல்லா, அங்ஙன போடுங்க.”

அவர் கை காட்டிய இடம் கரையிலிருந்து முப்பது அடி கூட இருக்காது. அங்கே போட்டேன். நரம்பு இறுகுவதற்குள் கம்பு நுனியில் ‘டிக் டிக்’ என்று இரண்டு தட்டு. கிழங்கான். ஒரு சாண் மீன். கையில் எடுத்தால் மணல் நிறம். வெயில் பட்டதும் பக்கவாட்டில் ஒரு வெள்ளிப் பட்டை ஓடியது. அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒன்பது கிழங்கான் பிடித்தேன். எல்லாம் அந்த ஒரே இடத்தில்.

அந்தப் பெரியவர் சொன்னதைத்தான் இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறேன். வீசுவதற்கு முன்னால் அரை மணி நேரம் தண்ணீரைப் பாருங்கள். ராடு பையிலேயே இருக்கட்டும்.

எதைப் பார்ப்பது? மணல் கரையில் கடலின் அடி சமமாக இருப்பதில்லை. கரைக்குச் சற்றுத் தள்ளி மணல் திட்டு இருக்கும், திட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். அலை ஆழம் குறைந்த இடத்தில்தான் உடையும். அதனால் வெள்ளை நுரை எங்கே விழுகிறதோ அங்கே திட்டு. நுரை விழாமல் கொஞ்சம் கறுப்பாக, அமைதியாகத் தெரிகிற பட்டை இருந்தால் அங்கே பள்ளம். கரைக்கு ஏறிவந்த தண்ணீரெல்லாம் திரும்பிக் கடலுக்குப் போக அந்தப் பள்ளத்தைத்தான் வழியாக எடுத்துக்கொள்கிறது. போகிறபோது மணலைக் கிளறி, புழு, சின்ன நண்டு, கூனி இறால் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. மீனுக்கு அது சாப்பாட்டுத் தெரு. இதே இடம் குளிக்கிறவர்களுக்கு எமன். பார்க்க அமைதியாக இருக்கிறதே என்று இறங்குவார்கள், இழுவை உள்ளே கொண்டுபோய்விடும். எனவே அங்கே தூண்டில் மட்டும் இறங்கட்டும், நீங்கள் இறங்காதீர்கள்.

கிழங்கானுக்கு வாய் சின்னது. பெரிய தூண்டில் முள் போட்டால் இரையை மட்டும் பிய்த்துக்கொண்டு போய்விடும். எட்டு, பத்து எண் முள் போதும். இந்த வரிசையில் எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதைக் கடையில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரைக்கு அலைவது வேண்டாம். அலை வடிகிற நேரத்தில் ஈர மணலில் ‘விறுவிறு’வென்று பின்பக்கமாகப் புதைகிற நகத்தளவுப் பூச்சியை எல்லாரும் சின்ன வயதில் தோண்டிப் பார்த்திருப்பீர்கள். அதுவே நல்ல இரை. கிழங்கானும் ஆபத்து வந்தால் மணலுக்குள் புகுந்துகொள்கிற மீன்தான். அது தின்பதும் மணலில், ஒளிவதும் மணலில். இரை அடியில் கிடந்து மெல்ல நகர வேண்டும். அதனால் நரம்பில் கட்டுகிற ஈயக் குண்டைக் கனமாகப் போடாமல், நீரோட்டத்தில் கொஞ்சம் உருளுகிற அளவுக்குப் போடுங்கள்.

இனி ஏற்ற வற்றம். நம் கரையில் கடல் ஏறி இறங்குவது ரொம்பக் குறைவு. தூத்துக்குடியில் ஒரு மீட்டருக்கும் உள்ளேதான். குஜராத் பக்கம் போல ஆள் உயரத்துக்கு மேல் ஏறி இறங்குகிற கடல் இல்லை இது. அதனால் பலர் இங்கே ஏற்ற வற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஆற்று முகத்துவாரத்தில் அந்த ஒன்றிரண்டு அடிதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டிய நாட்களில் ஓட்டம் வேகம், அட்டமி நவமியில் மந்தம். நேரமும் தினம் முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேலே தள்ளிப் போகும். நேற்று ஆறு மணிக்கு மீன் கடித்த இடத்துக்கு இன்றும் ஆறு மணிக்கே போனால் எப்படி?

காற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற கச்சான் காற்று தூத்துக்குடிக் கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். முதுகில் காற்று, எவ்வளவு தூரமும் வீசலாம். கரையோரச் சிற்றலையும் அமுங்கிக் கிடக்கும். அதே நாளில் மேற்குக் கரையில் உள்ள முட்டத்துக்கும் குளச்சலுக்கும் போனால் காற்று முகத்தில் அறையும், பாறைகளின் மேல் அலை ஏறி விழும். நூறு கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே காற்றுக்கு இரண்டு குணம். ஐப்பசி கார்த்திகையில் வாடை திரும்பியதும் கிழக்குக் கரை கலங்கிவிடும். அப்போது நம் பக்கம் சிரமம்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்புகிற விஷயத்துக்கு வருகிறேன். தூண்டில் வளைவுகள். கடல் அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டி, தூண்டில் முள் மாதிரி வளைத்துக் கட்டுகிறார்களே, அதற்குத்தான் நம் ஊரில் இந்தப் பெயர். பெயருக்கேற்ப இப்போது அதன் மேல் வரிசையாகத் தூண்டில்காரர்கள். கல் இடுக்குகளில் கலவா இருக்கும், விளமீன் வரும், பாரையும் சீலாவும் சின்ன மீனைத் துரத்திக்கொண்டு ஒட்டி வரும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் படுகிற கல்லில் பச்சைப் பாசி. எண்ணெய் தடவிய தரை மாதிரி. என்னோடு வந்த நண்பர் ஒருவர் சிக்கிய ஈயத்தை எடுக்க இரண்டு கல் கீழே இறங்கினார். அவ்வளவுதான். முழங்கால் சில்லு உடைந்து ஆறு மாதம் நடக்கவில்லை. ஈயத்தின் விலை முப்பது ரூபாய்.

அதைவிடப் பெரிது கள்ளக்கடல். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கிற புயலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத வெயில் நாளில் சொல்லாமல் வந்து ஏறும். அதனால்தான் மீனவர்கள் அதற்குக் கள்ளன் பெயர் வைத்தார்கள். 2024 மே 6-ஆம் தேதி குமரி மாவட்டம் கணபதிபுரத்துக் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். அதற்கு முந்தைய நாட்களில்தான் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. இதே வானொலியிலும் சொல்கிறார்கள். எச்சரிக்கை இருக்கிற நாளில் தூண்டில் வளைவின் மேல் ஏறாதீர்கள். வெயில் அடிக்கிறது, கடல் நன்றாகத்தானே இருக்கிறது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். இடி மின்னல் நேரத்திலும் அப்படியே. இப்போது வருகிற கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். முதல் இடி கேட்டதும் கீழே வைத்துவிட்டுக் கரைக்கு வாருங்கள்.

கையில் வருகிற மீனையும் தெரிந்திருக்க வேண்டும். கெளிறு, ஓரா, திருக்கை மூன்றின் முள்ளிலும் விஷம் உண்டு. குத்திவிட்டால், தாங்குகிற அளவு சூடான வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருங்கள். சூட்டில் அந்த விஷம் கெட்டு வலி குறையும். அப்புறம் ஆஸ்பத்திரி. பேத்தை மீனை எக்காரணம் கொண்டும் சமைக்காதீர்கள், எவ்வளவு வேகவைத்தாலும் அதன் விஷம் போகாது.

அறுந்த நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நைலான் நரம்பு மக்காது. கல்லில் சிக்கி அறுந்தது போனால் போகிறது. முடிச்சு விழுந்தது என்று வெட்டிக் கரையில் போடுவது வேறு. கடற்காகத்தின் காலில் சுற்றி, அது ஒற்றைக் காலில் நின்றதை மணப்பாட்டில் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் துண்டைப் போட்டுப் பிடித்தோம். நரம்பு தோலுக்குள் இறங்கி, மேலே தசை மூடியிருந்தது. நகவெட்டியால் ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து என் பையில் ஒரு காலி டப்பா இருக்கிறது. வெட்டிய நரம்பெல்லாம் அதற்குள். மற்றவர்கள் போட்டதும் அதற்குள்.

நாம் போய் நிற்கிற கரை சும்மா கிடக்கிற இடம் இல்லை. அது ஒரு ஊரின் முற்றம். படகு இறக்குகிற இடம், கருவாடு காயப் போடுகிற இடம், கரைவலை இழுக்கிற இடம். கேட்டுவிட்டு நில்லுங்கள். கரைவலை வளைத்திருந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொள்ளுங்கள். அந்த வலையை நம்பி இருபது முப்பது வீட்டில் அடுப்பு எரிகிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. படகு பேசி அங்கே போய்த் தூண்டில் போடலாம் என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள்.

கடைசியாகக் கொடுவா. எனக்குப் பிடித்த மீன். தாமிரபரணி கடலில் சேருகிற புன்னைக்காயலில் சாயங்காலம் வற்றம் தொடங்குகிற நேரம். அலையாத்திச் செடிகளுக்குள் ஏறியிருந்த தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக வடியும். அதோடு இறாலும் மடவைக் குஞ்சும் வரும். வேகமான ஓட்டமும் தேங்கிய தண்ணீரும் உரசுகிற கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொடுவா ஓட்டத்தைப் பார்த்து நிற்கும். நீந்தி அலையாது. வருவதை வாயைத் திறந்து உறிஞ்சும். ‘டொப்’ என்று ஒரு சத்தம். இருட்டில் அந்தச் சத்தத்தை வைத்தே எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்று பழகியவர்கள் சொல்வார்கள்.

கொடுவா வாழ்க்கையை ஆணாகத் தொடங்குகிற மீன். சில வருடம் கழித்து உடல் பெருத்ததும் பெண்ணாக மாறுகிறது. ஒன்று, இரண்டு கிலோவில் பிடிபடுவது ஆண். ஏழெட்டுக் கிலோ மீன் அநேகமாகப் பெண்தான். அது லட்சக்கணக்கில் முட்டை போடும். குஞ்சுகள் கழிமுகத்துக்குள் ஏறி வளரும். பெரிய கொடுவாவைத் தூக்கிப் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோமே, அப்போது அந்த முகத்துவாரத்தின் தாயைக் கொண்டுபோகிறோம். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சமையலுக்கு இரண்டு கிலோவுக்குள் ஒன்று. அதற்கு மேல் எது வந்தாலும் திரும்பத் தண்ணீருக்கு.

விடுவதற்கும் முறை இருக்கிறது. முள் நுனிக்குப் பின்னால் உள்ள எதிர்முள்ளைக் குறடால் முன்கூட்டியே நசுக்கிவிடுங்கள், கழற்றுவது சுலபம். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். மேலே உள்ள வழுவழுப்புதான் மீனுக்கு மருந்தும் கவசமும். காய்ந்த கையும் சுடுமணலும் அதை உரித்துவிடும். செவுள் மூடியில் விரல் விடாதீர்கள், கத்தி மாதிரி அறுக்கும்.

போன தை மாதம் பௌர்ணமிக்கு மறுநாள் அங்கே ஒரு கொடுவா வந்தது. என் கையால் பிடித்ததில் அதுதான் பெரிது. இருபது நிமிடம் இழுத்தது. டார்ச் அடித்ததும் கண் சிவப்பாக எரிந்தது. எடை போடவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று, முள்ளைக் கழற்றி, தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்துக்கொண்டேன். செவுள் முதலில் படபடவென்று அடித்தது. பிறகு மெதுவாக, சீராக. வயிற்றுக்குக் கீழே வைத்திருந்த கையில் அதன் கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அது தானாக நிற்க ஆரம்பித்துவிட்டது. கையை எடுத்தேன். உடனே போகவில்லை. கால் பக்கத்திலேயே ஒரு நிமிடம் நின்றது. அப்புறம் வாலால் ஒரே அடி. என் முகமெல்லாம் தண்ணீர்.

நன்றி. வணக்கம்.