குளத்திலிருந்து வந்தது எது?

நடுவர் அவர்களே! எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார். "சேர்ந்து உட்கார்ந்து 'புத்தம் சரணம்' என்று தொடங்கும் திரிசரணம் சொல்லாமல் சோறு மட்டும் போட்டால் அது புத்தர் பிறந்தநாள் இல்லை, மெஸ்" என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். மெஸ்ஸில் காசு வாங்குவார்களே என்பது தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

புத்தர் பிறந்தநாளுக்கு நிறைவு தருவது கூட்டு வழிபாடா, அறக்கொடையா? நான் அறக்கொடைக்காக வந்திருக்கிறேன்.

மணிமேகலைக் காப்பியத்தில், மணிபல்லவத் தீவில் மணிமேகலை புத்தரின் இருக்கையான பீடிகையைத் தொழுதுதான் முற்பிறப்பை அறிந்தாள் என்றார் அண்ணன். உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு வரும் 'பாத்திரம் பெற்ற காதை'யைப் புரட்டாமல் உட்கார்ந்துவிட்டார். அங்கே கோமுகிப் பொய்கை இருக்கிறது. புத்தர் பிறந்த வைகாசி விசாகத்தன்று அதிலிருந்து ஒன்று மேலே வருகிறது. மணியா? விளக்கா? பிச்சைப் பாத்திரம், நடுவரே! அமுதசுரபி!

அது தண்ணீருக்குள் போன கதை கடல்கரைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். நம்ம மதுரைச் சிந்தாதேவி கோயிலில் ஆபுத்திரன் என்பவனுக்குக் கிடைத்த பாத்திரம் அது. பாண்டி நாடு செழித்து, வாங்கிச் சாப்பிட ஆளில்லாமல் போகவே, மழை பொய்த்த சாவக நாட்டுக்குக் கப்பலேறினான் ஆபுத்திரன். காற்று மாறியதால் மணிபல்லவத்தில் தங்கினார்கள். இவன் இறங்கினான். ராத்திரி காற்று வாகாக வரவும், எல்லாரும் ஏறியாச்சு என்று நினைத்துக் கப்பலை எடுத்துவிட்டார்கள். ஆளில்லாத தீவு, கையில் அள்ள அள்ளக் குறையாத சோறு. பீடிகையைத் தொழுதுகொண்டே தன் வயிற்றை மட்டும் பார்த்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவன் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமலே உயிரை விட்டான்.

'ஆற்றா மாக்கள் அரும்பசி களைவோர்' என்று அந்தக் காப்பியம் யாரைச் சொல்கிறது? திருப்பிச் செய்ய வக்கில்லாதவன் பசியைத் தீர்ப்பவனை. அந்த வக்கில்லாதவன் நம்ம ஊரில் யார்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். புத்த பூர்ணிமா எந்த வருஷம் வந்தாலும் இதற்குள்தான் வரும். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக்கிடக்கிறது. படகு வைத்திருக்கிற சம்மாட்டிக்கே கை இறுகுகிற நேரம், கூலிக்குப் போகிறவனைக் கேட்கவே வேண்டாம். நேற்றுப் பாம்பன் பாலத்தடியில் ஒரு பெரியவர் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். "சாப்பிட்டாச்சா அய்யா?" என்றேன். "டீ குடிச்சாச்சு தாயி" என்றார். மணி மூன்று.

வழிபாட்டை நான் குறை சொல்லவில்லை. வரிசை எது என்றுதான் கேட்கிறேன். தம்மபத உரையில் ஆளவி என்ற ஊர் வருகிறது. தொலைந்த மாட்டைத் தேடி அலைந்துவிட்டு ஓர் ஏழை உழவன் பசியோடு வந்து நிற்கிறான். புத்தர் அதுவரை பேசவே இல்லை. முதலில் இவனுக்குச் சோறு போடுங்கள் என்றார். அவன் சாப்பிட்ட பிறகுதான் உபதேசம். பசியே பெரிய நோய் என்றும் சொன்னார். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் வெசாக் அன்று ரோட்டோரமெல்லாம் தன்சல் என்கிற அன்னதானப் பந்தல் போட்டு, போகிற வண்டியை மறித்துச் சோறு கொடுக்கிறார்களே, அதுவும் புத்தர் பிறந்தநாள்தானே! அண்ணன் அதையும் மெஸ் என்பாரா?

மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்ந்துவிடுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். தீர்ப்பைப் பந்தலுக்குப் பின்னால் அண்டா திறந்த பிறகு சொல்லுங்கள். கடைசி வரிசையில் அந்தப் பெரியவர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.