துரு பிடித்த கொக்கிகள்

நேயர்களுக்கு வணக்கம். காற்றில் கூரை போய், இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தால் என்ன செய்வது என்று இன்று பேசப் போகிறேன்.

நான் ஒரு சிவில் இன்ஜினியர். பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சர்வேயர் என்றதும் சங்கிலியோடு நிலம் அளக்க வருபவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரிலேயே பாதிப் பேர் இன்றும் என்னிடம் பட்டா பற்றித்தான் கேட்கிறார்கள். நான் வேறு ரகம். தீ, வெள்ளம், புயல் என்று சேதம் நடந்த இடத்துக்குப் போய், எதனால் நடந்தது, எவ்வளவு நட்டம் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. உரிமம் தருவது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம். கூலி தருவது கம்பெனி. யார் பக்கமும் சாயாமல் எழுத வேண்டும் என்பது விதி. எல்லா நாளும் அப்படியே எழுதினேன் என்று மைக் முன்னால் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வராது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், ராமேஸ்வரம் தீவில் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையில் ஒரு கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் படகில் போகிறவர். பேங்க் கடனில் கட்டிய வீடு. இரண்டு அறைக்குத் தளம் போட்டு, முன்தாழ்வாரத்துக்கும் அடுப்படிக்கும் சிமெண்ட் ஷீட் போட்டிருந்தார்கள். கார்த்திகை மாதத்து வாடைக் காற்றில் ஒரே ராத்திரியில் ஷீட் அத்தனையும் போய்விட்டது. கிளெய்ம் போட்டார்கள். மூன்று வரியில் பதில் வந்தது: “இணைப்புக் கொக்கிகள் துருப்பிடித்திருந்தன. சேதம் நாள்பட்ட தேய்மானத்தால் ஏற்பட்டது. மேலும் அன்றைய தேதியில் புயல் எதுவும் கரையைக் கடக்கவில்லை. எனவே உங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை.”

கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: “துரு புடிச்சிருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க சார். துரு புடிக்காத இரும்பு இந்தத் தீவுல எங்க சார் இருக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தைகளை நானும் எத்தனையோ ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன். அந்த அம்மா கேட்டதில் சட்டமும் இருக்கிறது, பொறியியலும் இருக்கிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக் காற்று விட்டுவைக்கவில்லை. வருடம் தவறாமல் பெயின்ட் அடித்தும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். இந்தக் கரையில் இரும்பு துருப்பிடிக்கும் என்பது பிரீமியம் வாங்கும்போது கம்பெனிக்குத் தெரியாதா?

சரி, நியாயத்தை மட்டும் பேசினால் பணம் வராது. மறுப்புக் கடிதம் வந்ததும் முதல் வேலை, அதில் எந்தச் சொல்லின் மேல் கம்பெனி நிற்கிறது என்று பார்ப்பது. இந்தக் கடிதத்தில் இரண்டு சொல்: ‘தேய்மானம்’, ‘புயல்’. இந்த இரண்டுக்கும் மட்டும் பதில் சொன்னால் போதும். கடிதத்தில் எழுதாத புதுக் காரணத்தைக் கம்பெனி பின்னால் வழக்கில் கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் காரணம் வாய்மொழியாக வந்தால் ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். சர்வேயர் ரிப்போர்ட்டின் நகலையும் எழுதிக் கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் அதைப் பார்க்காமலேயே தோற்றுப்போகிறார்கள். சர்வேயர் ரிப்போர்ட் கடைசி வார்த்தை இல்லை என்றும் 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சர்வேயராக இருந்தவன் வாயிலிருந்தே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ‘புயல்’. வானிலைத் துறையின் கணக்கில், காற்று மணிக்கு 63 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல். அதற்குக் கீழே 51 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். இது மீனவருக்கும் துறைமுகத்துக்கும் எச்சரிக்கை சொல்வதற்கு உண்டான பிரிவு. பாலிசி அந்தக் கணக்கில் எழுதப்படவில்லை. 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுப் பாலிசியை எடுத்துப் பாருங்கள். புயல், சூறாவளி, பெருங்காற்று, வெள்ளம் என்று ஒரு வரிசையே இருக்கும். பெயர் சூட்டிய புயலாக இருக்க வேண்டும், கரையைக் கடந்திருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இல்லை. 2020 டிசம்பரில் வந்த புரெவியை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இலங்கையில் ஏறி இறங்கி, வலுக் குறைந்து, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக மன்னார் வளைகுடாவில் நம் கரைக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் நகராமல் நின்றது. நம் பக்கம் அது புயலாகக் கரையைக் கடக்கவே இல்லை. அதற்காக அன்றைக்குக் காற்றே அடிக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா?

இதற்கு ஆதாரம் தேடுவது கஷ்டமில்லை. பாம்பனிலேயே வானிலை ஆய்வு நிலையம் இருக்கிறது. அந்தத் தேதியின் காற்று, மழைப் பதிவைச் சென்னை மண்டல வானிலை மையத்தில் கேட்டு வாங்கலாம். துறைமுகத்தில் எந்த எண் கூண்டு ஏற்றினார்கள் என்று மறுநாள் பேப்பரில் வந்திருக்கும், அதை வெட்டி வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று. அப்புறம், காற்று அடித்த வாரத்தில் வருவாய்த்துறை சேதக் கணக்கு எடுத்திருந்தால், அந்தப் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். உங்கள் தெருவில் பத்து வீட்டுக் கூரை போனதாக அரசாங்கக் காகிதமே சொன்னால், உங்கள் வீட்டுக் கூரை மட்டும் வயசாகி விழுந்தது என்று வாதாட முடியாது.

அடுத்தது ‘தேய்மானம்’. இங்கேதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

காற்று கூரையைக் கீழே தள்ளுவதில்லை, மேலே தூக்குகிறது. ஓரம், மூலை, முகடு இந்த மூன்று இடத்தில்தான் அந்த இழுப்பு அதிகம். அங்கே ஆரம்பித்து உள்ளே போன சேதம் காற்றின் சேதம். நடுக்கூரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒழுகினால் அது வேறு கதை. சிமெண்ட் ஷீட்டில் புதிதாக உடைந்த விளிம்பு வெளிர் சாம்பலாகச் சுத்தமாக இருக்கும். பழைய விரிசலில் பாசியும் கறுப்பும் ஏறியிருக்கும். இரும்பும் அப்படித்தான். அன்று முறிந்த இடம் பளபளக்கும். ஆனால் நம் உப்புக் காற்றில் அந்தப் பளபளப்புக்கு ஆயுசு சில நாள்தான். சர்வேயர் பத்து நாள் கழித்து வந்தால் நேற்று முறிந்ததும் போன வருடம் முறிந்ததும் அவர் கண்ணுக்கு ஒரே செம்பழுப்பு. அவர் பொய் எழுதவில்லை, பார்த்ததைத்தான் எழுதுகிறார். அதனால் மழை விட்டதும் முதல் வேலை போனை எடுத்துப் போட்டோ. தூரத்திலிருந்து முழு வீடு, அப்புறம் கிட்டே போய் ஒவ்வொரு உடைப்பும். மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாம் என்ன செய்கிறோம்? விடிந்ததும் துப்புரவாகக் கூட்டி, உடைசலைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, சர்வேயர் வரும்போது வீட்டைப் பளிச்சென்று வைத்திருக்கிறோம். வேண்டாம். தார்ப்பாய் வாங்கிக் கட்டுங்கள், அது உங்கள் கடமையும்கூட. தார்ப்பாய் பில்லை வையுங்கள். உடைசலையும் ஒரு மூலையில் போட்டு வையுங்கள்.

அந்த அம்மாவிடம் போட்டோ ஒன்றும் இல்லை. ஆனால் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். பிள்ளைகள் காலில் குத்திவிடப் போகிறது என்று முற்றத்தில் கிடந்த கொக்கிகளை எல்லாம் பொறுக்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாராம். மறுநாள் பாட்டிலோடு வந்தார். கொட்டிப் பார்த்தேன். எல்லாம் துருதான். ஆனால் மூன்றே மூன்றுதான் முறிந்திருந்தன. மீதி பதினொன்றும் முழுசாக, வாஷரோடு இருந்தன. ஜே போல்ட் என்போமே, கூரைச் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும் வளைவு, அது நிமிர்ந்திருந்தது.

இதற்கு என்ன அர்த்தம் என்றால், துருவில் இற்றுப்போன கொக்கி சட்டென்று முறியும். கூரையை மேலே இழுத்த விசையைத் தாங்கி, கடைசி வரைக்கும் பிடித்து, முடியாமல்தான் வளைவு நிமிரும். அந்தப் பதினொரு கொக்கியும் தன் வேலையைச் செய்துவிட்டுத் தோற்றவை. துரு மேல்தோலில் இருந்தது. வெர்னியர் வைத்து அளந்தேன், தண்டின் கனம் பெரிதாகக் குறையவில்லை. இன்சூரன்ஸில் இதை அண்மைக் காரணம் என்பார்கள். பல காரணம் சேர்ந்திருந்தாலும் சேதத்தை நடத்தி வைத்த முதன்மைக் காரணம் எது என்பதுதான் கேள்வி. அன்று அந்தக் காற்று இல்லையென்றால் அந்தக் கூரை மறுநாள் காலையும் அங்கேயே இருந்திருக்கும்.

‘முன்பு கூரை நன்றாக இருந்தது’ என்பதற்கும் ஒன்று கிடைத்தது. அந்த வருடம் மகளுக்குப் புதுநன்மை, தேவாலயத்தில் முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை உடுப்பும் மெழுகுதிரியுமாகத் தாழ்வாரத்தில் நிற்க வைத்து எடுத்த படத்தில், குழந்தையின் தலைக்கு மேலே ஷீட் வரிசை ஓட்டை உடைசல் இல்லாமல் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு சடங்கு வீடியோ, கல்யாண ஆல்பம், நோன்புப் பெருநாள் படம் என்று ஏதாவது இருக்கும். முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பாருங்கள்.

எல்லா மறுப்பும் அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஓலைக் கூரையைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. வருடக்கணக்கில் ஒழுகிய தளத்துக்குக் காற்றின் மேல் பழி போட்டால் நிற்காது. பழைய தீ விபத்துப் பாலிசிகளில், வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பு நின்றுவிடும் என்று ஒரு நிபந்தனை உண்டு. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வீட்டைப் பூட்டிவிட்டு வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பாலிசியா, எங்களிடம் ஏது என்கிறீர்களா? வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் பேங்கில் போய்க் கேளுங்கள். கடன் தொகையில் பிடித்தம் செய்து பாலிசி போட்டிருப்பார்கள், காகிதம் அவர்கள் பீரோவில் தூங்கும். அது உயிருக்கான பாலிசியா, கட்டடத்துக்கானதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தகவல் சொல்லத் தாமதம் என்று தள்ளுபடி செய்தார்களா? கரண்டும் டவரும் இல்லாத மூன்று நாளை எழுதிச் சொல்லுங்கள். நியாயமான காரணம் இருந்தால், தாமதத்தை மட்டும் வைத்து உண்மையான கிளெய்மை இயந்திரம் போலத் தள்ளக்கூடாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இனி எங்கே போவது? முதலில் அதே கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கடிதம். ஒரு பக்கம் போதும், கோபம் வேண்டாம், ஆதாரத்துக்கு எண் போட்டு இணையுங்கள். கூடவே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதியலாம். போன் எண் 155255. இன்னொரு தடவை சொல்கிறேன், ஒன்று ஐந்து ஐந்து இரண்டு ஐந்து ஐந்து. ஒரு மாதம் பாருங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர், ஆம்புட்ஸ்மேன் என்பார்களே, அவரிடம் போங்கள். நமக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் கிடையாது. 50 லட்சம் வரை அவர் உத்தரவிடலாம், அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், இதை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இல்லையென்றால் ராமநாதபுரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அதற்குக் கெடு இரண்டு வருடம். அங்கே வழக்கு நடக்கும்போது அதே விஷயத்துக்கு ஆம்புட்ஸ்மேனிடம் போக முடியாது. சின்னத் தொகை, தெளிவான ஆதாரம் என்றால் நான் ஆம்புட்ஸ்மேனைத்தான் சொல்வேன். மன உளைச்சலுக்கும் நட்டஈடு கேட்க வேண்டும், சாட்சி விசாரிக்க வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம்.

அந்த அம்மா ஆம்புட்ஸ்மேனிடம்தான் போனார். சென்னைக்குப் போகவில்லை, வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மகனின் போனில் வீடியோ விசாரணை. கம்பெனி அதிகாரி துருவைப் பற்றிப் பேசி முடித்ததும், அம்மா பாட்டிலை எடுத்து ஒரு கொக்கியைக் கேமரா முன் நீட்டினார். “முறியல பாருங்க ஐயா, நிமிந்துருக்கு.” அவ்வளவுதான் பேசினார். முறிந்த மூன்றையும் மறைக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன், அவற்றையும் காட்டினார். உத்தரவு வந்தது. கேட்டதில் முக்கால் பங்குக்கு மேல் கிடைத்தது.

உத்தரவுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தவர், “இனி அந்தப் பாட்டில தூக்கிப் போட்றலாமா சார்?” என்று கேட்டார். பணம் கட்டக் கம்பெனிக்கு 30 நாள் இருக்கிறது, கணக்கில் ஏறட்டும் என்றேன். ஏறிய மறுவாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். புது ஷீட், இந்தத் தடவை நாகமுலாம் பூசிய கொக்கி, ஓரத்தில் நெருக்கமாகப் போட்டிருந்தார்கள். அடுப்படி அலமாரியில் அதே ஹார்லிக்ஸ் பாட்டில், கழுவித் துடைத்து, உள்ளே புளி.

நன்றி, வணக்கம்.