சந்தேகங்களுக்கு விளக்கம்: புத்தகம் வெளியாகும் நாட்களில் ஒரு நாவலாசிரியர்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. திருநெல்வேலியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "புத்தகக் கண்காட்சிக்குப் போனால் புது நாவல் எழுதியவர்கள் அரங்கில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள், வாசகர்களோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். புத்தகம் வெளியாகும் அந்த நாட்களில் ஒரு நாவலாசிரியரின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?"

இதற்குப் பொதுவாகப் பதில் சொன்னால் சப்பென்று போய்விடும். ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொண்டு, அவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிடலாம். நம்முடைய கடல் நாவல்கள் பேச்சைக் கேட்டவர்களுக்கு ஹெர்மன் மெல்வில் புதியவர் இல்லை. 'மோபி டிக்' கதையை அங்கே விரிவாகச் சொல்லிவிட்டேன். ஒற்றைக்கால் கப்பல் தலைவன் ஒருவன் ஒரு வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்திப் போகிறான், கப்பலோடு எல்லோரும் அழிகிறார்கள், கதை சொல்கிறவன் மட்டும் தப்பிக்கிறான். அந்த நாவல் வெளியான வருஷம் 1851. அந்த ஒரு வருஷம் மெல்வில் எப்படி இருந்தார் என்பது அவருடைய கடிதங்களிலேயே இருக்கிறது.

அந்த வருஷத் தொடக்கத்தில் அவருக்கு வயது 31. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிட்ஸ்ஃபீல்ட் என்ற ஊர்ப்பக்கம் பண்ணை வீடு வாங்கிக் குடியிருந்தார். மனைவி, பிள்ளை, அம்மா, சகோதரிகள் என்று வீடு நிறைய ஆட்கள். ஏற்கெனவே ஐந்து புத்தகங்கள் வெளியாகி, பெயர் தெரிந்த எழுத்தாளர்தான். ஆனால் கையில் பணம் இல்லை. நியூயார்க்கில் அவருடைய பதிப்பாளர்களான ஹார்ப்பர் சகோதரர்களிடம் முன்பணம் கேட்டார். பழைய கணக்கில் அவரே ஏறக்குறைய 700 டாலர் தரவேண்டியிருந்தது. அதனால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் மே மாதம் தெரிந்தவர் ஒருவரிடம் 2,050 டாலர் வட்டிக்குக் கடன் வாங்கினார். அச்சுக் கோர்க்கும் வேலையையும் தானே ஏற்பாடு செய்தார். நாவல் இன்னும் எழுதி முடியவில்லை, கவனியுங்கள். ஒரு பக்கம் எழுத்து, இன்னொரு பக்கம் அச்சு.

ஜூன் மாதம் அவர் எழுதிய கடிதத்தைப் படித்தால் மனசு கனத்துவிடும். வீட்டில் தச்சுவேலை, வயலில் சோளமும் உருளைக்கிழங்கும் போடவேண்டும், அதனால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது என்கிறார். இன்னும் ஒரு வாரத்தில் நியூயார்க் போய் மூன்றாம் மாடி அறை ஒன்றில் அடைந்துகொண்டு, அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'திமிங்கில'த்தோடு மாரடிக்கவேண்டும் என்கிறார். நாவலுக்கு அப்போது அதுதான் பெயர். எனக்கு எதை எழுத ஆசையோ அது விலைபோகாது, வேறு மாதிரி எழுதவும் என்னால் முடியாது, கடைசியில் என் புத்தகங்கள் எல்லாம் அரைகுறையாகப் போய்விடுகின்றன என்கிறார். நன்றாகக் கேளுங்கள். உலகமே கொண்டாடும் ஒரு நாவலை அச்சுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் வாரத்தில் அதை எழுதியவர் சொன்னது இது. மாதக் கடைசியில் இன்னொரு கடிதம் எழுதுகிறார். அச்சுக்கூடத் தாமதம், நகரத்தின் வெயில், புழுதி எல்லாம் தாங்காமல் புல்லை மிதிக்க ஊருக்கே திரும்பிவிட்டாராம். புத்தகம் அப்போது பாதிதான் அச்சாகியிருந்தது.

அக்டோபர் 18ஆம் தேதி நாவல் முதலில் லண்டனில் வெளியாகிறது. பதிப்பாளர் ரிச்சர்ட் பென்ட்லி. மூன்று பாகம், 500 பிரதி, விலை ஒன்றரை கினி, அதாவது 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாதாரண ஆள் கையில் வாங்கும் விலையே இல்லை. தலைப்பை 'மோபி டிக்' என்று மாற்றச் சொல்லி அனுப்பிய செய்தி லண்டனுக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. அதனால் அங்கே அது வெறும் 'திமிங்கிலம்'. கப்பலில் கடிதம் போகும் காலம், என்ன செய்வது? சரியாக நாலு நாள் கழித்து, 22ஆம் தேதி, மெல்விலுக்கு இரண்டாவது மகன் பிறக்கிறான். லண்டனில் புத்தகம் கடைக்கு வந்துகொண்டிருந்த வாரத்தில் இவர் வீட்டில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த லண்டன் பதிப்பில் ஒரு விபரீதம் நடந்தது. நாவலின் கடைசியில் ஒரு சிறு பகுதி உண்டு. கப்பல் மூழ்கியதும் கதை சொல்கிறவன் ஒரு சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறான், வேறொரு கப்பல் வந்து அவனைத் தூக்குகிறது. ஒரு பக்கம் கூட வராது. லண்டன் பதிப்பில் அது இல்லை. விட்டுப்போயிருந்தது. விமர்சகர்கள் என்ன சொல்வார்கள்? எல்லோரும் செத்துவிட்டார்கள் என்றால் இந்தக் கதையை யார் சொன்னது என்று 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகை கேட்டது. 'அதீனியம்' பத்திரிகையும் முடிவு மோசம் என்று சாடியது. லண்டனில் பாராட்டியவர்களும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். ஆனால் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது அந்தத் திட்டுதான். நவம்பர் 14ஆம் தேதி நியூயார்க்கில் புத்தகம் முழுசாக, அந்தக் கடைசிப் பகுதியோடு வெளியானது. அதற்குப் பிறகும் பாஸ்டன் பத்திரிகை ஒன்று லண்டன்காரர்கள் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னது.

இப்படி நம் ஊரிலும் நடக்கும். என் நண்பர் ஒருவருடைய நாவலில் 16 பக்கப் பாரம் ஒன்று, அதாவது ஒரே தாளில் அச்சாகி மடித்த பக்கங்களின் தொகுப்பு, இரண்டு முறை சேர்ந்து, அடுத்த பாரம் விட்டுப்போய் பைண்டிங் ஆகிவிட்டது. எல்லாப் பிரதியிலும் இல்லை, சிலவற்றில். கம்பத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்து, "சார், அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்ததா இல்லையா என்றே தெரியவில்லையே, வேண்டுமென்றே விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறார். நண்பருக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் பக்கம் என்று விசாரித்து, விட்டுப்போன பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவர் அப்போது சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. "பிழை போகட்டும். ஒரு ஆள் அந்தப் பக்கம் வரைக்கும் படித்திருக்கிறார் பாருங்கள்!"

இங்கேதான் நான் அடிக்கடி சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். பழைய நேயர்களுக்குத் தெரியும், எந்த எழுத்தாளரைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் இதில்தான் வந்து நிற்பேன். புத்தகம் வெளியாகும் நாட்களில் நாவலாசிரியர் காத்திருப்பது முழுசாகப் படித்த ஒரே ஒரு ஆளுக்காக. விழா, மாலை, கையெழுத்து எல்லாம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குக் கையெழுத்து வாங்குகிற யாரும் இன்னும் புத்தகத்தைப் படித்திருக்க மாட்டார்கள். எழுதியவர் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் தனியாகக் கிடந்து கட்டிய வீட்டுக்குள் இன்னும் ஒருவரும் நுழையவில்லை.

மெல்விலுக்கு அந்த ஒரு ஆள் கிடைத்தார். நத்தானியல் ஹாதார்ன். அவரும் பெரிய நாவலாசிரியர், மெல்விலைவிட 15 வயது மூத்தவர். சில மைல் தூரத்தில் லெனாக்ஸ் என்ற ஊரில் இருந்தார். 1850 ஆகஸ்டில் ஒரு மலை ஏறப்போன இடத்தில் பழக்கமானவர்கள். 'மோபி டிக்' நாவலே அவருக்குத்தான் சமர்ப்பணம். நவம்பர் நடுவில் அவர் படித்துவிட்டுக் கடிதம் எழுதுகிறார். பக்கத்துப் பண்ணை வீட்டுக்குப் போகிற வழியில், தெருவில் வைத்து அது மெல்வில் கைக்கு வருகிறது. போன வீட்டிலேயே உட்கார்ந்து படித்துவிடுகிறார். மறுநாள் பதில் எழுதும்போது, நான் என் வீட்டில் இருந்திருந்தால் அந்த நிமிஷமே பதில் எழுதியிருப்பேன் என்கிறார். பொல்லாத புத்தகம் ஒன்றை எழுதிவிட்டு ஆட்டுக்குட்டி மாதிரி மாசில்லாமல் உணர்கிறேன் என்கிறார். என் வீட்டின் ஒரு முனையில் காகித ஆலையே வைத்து, முடிவில்லாமல் ஓடிவரும் தாளில் உங்களுக்கு எழுதிக்கொண்டே இருப்பேன் என்கிறார்! பிறகு ஒன்று சொல்கிறார் பாருங்கள். என் புத்தகத்தைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள் என்கிறார். கடன்பட்டவர், விற்பனை வேண்டியவர் சொல்கிறார். அந்தக் கடிதமே அவருக்குப் போதுமாக இருந்தது.

அதே பதிலில் அடுத்த புத்தகமும் வந்துவிடுகிறது. திமிங்கிலம்தான் பெரிது என்றில்லை, கிராக்கன் என்ற இன்னும் பெரிய கடல் பூதம் இருப்பதாகக் கேள்வி என்கிறார். 1852ல் அடுத்த நாவலும் வெளியாகிவிட்டது. அது படுதோல்வி. மெல்விலுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே ஒரு நியூயார்க் பத்திரிகை தலைப்புப் போட்டது. 1866க்கு அப்புறம் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக நாளொன்றுக்கு 4 டாலர் சம்பளத்தில் 19 வருஷம் வேலை பார்த்தார். 'மோபி டிக்' அமெரிக்காவில் அவர் 1891ல் இறக்கும்வரை விற்றது சுமார் 3,200 பிரதி. 1919ல் அவருடைய நூற்றாண்டு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆகவே அந்த நேயர் கேட்டதோடு இன்னொன்றையும் கேட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த நாட்களில் வாசகர் என்ன செய்யலாம்? கடிதம் எழுதுங்கள். ஹாதார்ன் மட்டுமில்லை, அவருடைய மனைவி சோபியாவும் படித்துவிட்டு எழுதினார். 1852 ஜனவரியில் மெல்வில் அவருக்குப் பதில் போட்டிருக்கிறார், எவ்வளவு சந்தோஷமாக! பெரிதாகப் புகழவேண்டியதில்லை. எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைக்க முடியவில்லை, எங்கே அலுத்தது, எந்தப் பாத்திரம் உங்கள் ஊரில் பார்த்த ஆள் மாதிரி இருந்தது, அதை நாலு வரியில் எழுதினால் போதும். பதிப்பகத்தின் முகவரியும் மின்னஞ்சலும் முன்பக்கத்தில் புத்தக விவரத்தோடு அச்சிட்டிருப்பார்கள். அங்கே அனுப்பினால் எழுத்தாளருக்குப் போய்ச் சேரும். படித்து முடித்த பிறகு எழுதுங்கள், அதற்கு ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.